வெள்ளைத் தட்டும் கறுப்புச் சட்டையும்

நான் கறுப்புச் சட்டை போடுவது ஆசைக்காக அல்ல. அது என் வேலையின் விதி. ஒரு சின்ன விமானத்தின் வயிற்றில் கேமரா ஒன்றைக் கட்டி ஊர் ஊராகப் பறக்கவிடுவார்கள். நம் ஃபோன் கேமரா மூன்றே நிறங்களை வைத்துக்கொண்டு உலகத்தைச் சமாளிக்கிறது. இந்த ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா வெளிச்சத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்துப் பார்க்கும். மரவள்ளிச் செடிக்கு உடம்பு சரியில்லை என்றால், இலை மஞ்சளாவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் மேலே இருந்து பார்த்தது சரிதானா என்று, அதே நேரத்தில் வயலில் நின்று யாராவது அளந்து சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இலைக்குப் பக்கத்தில் நின்றால் சட்டையின் வெளிச்சம் இலைமேல் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட்.

இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. அவருக்குக் கார்த்திகை மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கார்த்திகையின் கடைசியில்தான் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து சேர்ந்தோம். சித்தேரி மலையடிவாரத்து மரவள்ளி, மஞ்சள் வயல்கள்தான் எங்கள் இலக்கு. எனக்குச் சோம்பலில் வளர்ந்த தாடி. உடம்பெல்லாம் கறுப்பு. கழுத்தில், அம்மா போட்டுவிட்ட ஜெபமாலை. நாங்கள் இதே மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாலையின் சிலுவை சட்டைக்குள் போய்விடும், மணிகள் மட்டும் வெளியே தெரியும். பஸ்ஸில் ஏறியதும் ஒருவர் எழுந்து, "உக்காருங்க சாமி" என்றார். டீக்கடையில் கேட்காமலே டம்ளரை இரண்டு தடவை கழுவினார்கள். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்பு கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைமை ஒரு மேடம். ஐம்பதைத் தாண்டியவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அவர் உடையும் கறுப்புதான், ஆனால் அவரை யாரும் எதுவாகவும் நினைக்கவில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே சாப்பாட்டுத் தட்டின் அளவில் ஒரு வெள்ளைத் தட்டு. உலகத்திலேயே வெள்ளையான பொருள் அதுதான் என்பது போல நடத்துவார். விரல் படக்கூடாது, தூசி விழக்கூடாது, அதற்கு எதிரில் தும்மக்கூடாது. இலையை அளப்பதற்கு முன் என் கருவியை இந்தத் தட்டுக்கு நேராகக் காட்ட வேண்டும். வெள்ளை என்றால் இதுதான் என்று அதற்கு ஞாபகப்படுத்திவிட்டு, அப்புறம் இலைக்குப் போக வேண்டும், மறுபடியும் தட்டுக்கு வர வேண்டும். தட்டு ஒரு முக்காலி ஸ்டாண்டின்மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வந்த மறுநாளே ஜீப் பின்னால் வந்து அந்த ஸ்டாண்டின் காலை ஒடித்தது. ஜீப்பை ஓட்டியது மேடம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தட்டைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் அளக்கும் மரவள்ளிக்காட்டை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் முதல் தடவையாக மலைக்கு மாலை போட்டிருந்தார். அவரை வரச்சொல்லிப் பார்த்தோம். செருப்பில்லாத கால், காலையும் மாலையும் குளியல், கறுப்பு வேட்டி, பீடி கிடையாது. வயலில் நாங்கள் பெரிய பெரிய துணிகளை விரித்து வைப்போம், கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று. விமானத்துக்கு அவை அடையாளம், அவற்றின்மேல் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. மேடம் இத்தனை வருஷமாக இப்படி ஓர் உதவியாளரைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். விரதமும் விஞ்ஞானமும் ஒரே மாதிரி ஆள் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதல் நாள் வாய்க்காலைத் தாண்டும்போது வீட்டுக்காரர் தட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். பின்னால் நான் கறுப்பில். மஞ்சள்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கும்பிட்டார்கள். இருமுடி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்கள். மேடம் பதிலுக்குக் கை ஆட்டினார்.

மத்தியானச் சாப்பாடு வீட்டுக்காரரின் மனைவி கையால். வாய் நீளம், கை அதைவிடத் தாராளம், சமையலில் உப்புக் குறையாது. முதல் நாளே அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"நான் மாலை போட்ட சாமி இல்லீங்க. இது ஜெபமாலை. சட்டை ஆபீஸ் சட்டை." சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "அப்ப கறி சாப்புடுவீங்களா?"

"நல்லா சாப்பிடுவேங்க."

"அவரு மாலையோட இருக்கற வரைக்கும் இந்த வூட்டுல அடுப்புல கறி ஏறாது. சாம்பார் ஊத்திக்கங்க சாமி."

உண்மையைச் சொல்லியும் குழம்பு மாறவில்லை, பெயரும் மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது அம்மா ஒரு தூக்குப்போசி நிறையக் கோழிக்குழம்பு கொடுத்து அனுப்பினாள். அதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கறுப்புச் சட்டையோடு, மூடியைத் திறந்து சாப்பிட்டேன். எதிரில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சிலுவையை வெளியே எடுத்துவிட்டேன். அவர் இன்னும் குழம்பிப்போனார்.

விமானம் வரவில்லை. அதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால்தான் கிளப்புவார்கள், அதுவும் வெயில் தலைக்கு மேல் ஏறும் நேரத்துக்கு. காலையில் ஃபோன் வரும்: "இன்னிக்கி இல்லை." சித்தேரி மலைமேல் ஒரு மேகம் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் துணி விரித்து, தட்டைப் பிடித்து, இலைகளை அளந்து ஒத்திகை பார்ப்போம். மாப்பிள்ளை வராத கல்யாணத்துக்குத் தினமும் பந்தல் போடுவது போல.

அப்படி ஒரு நாள் அந்த வீட்டு அம்மா, மேடம் தள்ளி நின்ற நேரம் பார்த்து என்னிடம் வந்தார். குரலில் அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"சாமி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பிளேன்ல இருக்கற மெஷினு, எலைக்குள்ள நடக்கறதெல்லாம் தெரியும்னு சொன்னீங்களே. மனுசன் குடிச்சிருந்தா தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியும்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கணவர் கெட்டவர் இல்லை, கை நீட்டுபவரும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் கால் தானாகக் கடைப்பக்கம் போகும். காலையில் கை நடுங்கும், தட்டிலிருந்து சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழும். போன வருஷம் வேறு ஒரு கோவிலுக்கு மாலை போட்டு ஒழுங்காக இருந்தார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடை. இந்த வருஷம்தான் பெரிய மலை, பெரிய விரதம்.

"மாலை கெடக்கற வரைக்கும் அவரு என் புருசன். அது எறங்குனா யாருன்னே தெரியலீங்க. மாலை எறங்கற நாள இப்பவே விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார்.

என் வீம்பைச் சொல்ல வேண்டும். கருவி சொல்லாததை நாம் சொல்லக்கூடாது என்பது மேடத்தின் பாடம். அந்த ஒரு விஷயத்தில் நான் நல்ல மாணவன். "பொய் சொல்ல மாட்டேங்க" என்றேன். மறுநாள் சாம்பாரில் காய் இல்லை. அதற்கு மறுநாள் சாம்பாரே இல்லை, ரசம். அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே என் நேர்மையைப் பற்றி நிறைய யோசித்தேன்.

வழி கிடைத்தது ஒரு ஈயால். வீட்டுக்காரர் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் கருவியைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் பெட்டியின்மேல் லேப்டாப். தட்டு மட்டமாக இருந்தால் திரையில் கோடு படுத்த மாதிரி நேராக ஓடும். அவர் மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. தட்டை விடக்கூடாது என்பதால் கையால் விரட்ட முடியாமல் முகத்தைச் சுளித்தார். திரையில் கோடு துள்ளிக் குதித்தது.

"அய்ய, என்னாங்க சாமி இது, பாம்பாட்டம் நெளியுது?"

"உங்க கை ஆடிச்சுங்க. கை ஆடினா தட்டு ஆடும், தட்டு ஆடினா கோடு ஆடும்."

"துளியூண்டு ஆடினாக்கூடவா?"

"துளியூண்டு ஆடினாலும் காட்டிரும்."

அவருக்கு அது பிடித்துப்போனது. வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார். மேடம் இருமினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன், அந்த அம்மா சாப்பாட்டுக் கூடையோடு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கண் திரையில் இருந்தது. கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் இருந்தன, கூடவே வடை.

தை பிறப்பதற்குள் வீட்டுக்காரர் மாலை போட்டவர்களோடு வேனில் மலைக்குப் போனார். அந்த நாட்களில் தட்டைப் பிடித்தது மேடம். கோடு கொஞ்சம் ஆடியது. காலையிலிருந்து மேடம் குடித்த காபிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேலை முக்கியம்.

அவர் திரும்பி வந்து கோவிலில் மாலையைக் கழற்றினார். விமானம் இன்னும் வரவில்லை. அன்று பகல் முழுக்க வானம் மூட்டம், வயலில் வேலையே இல்லை. சாப்பாட்டுக்குப் போனபோது அவர் நீலச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம் சின்னதாகத் தெரிந்தது. மனைவி கறுப்புத் துணிகளைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விரதம் முழுக்க "சாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க சாமி" என்று கணவரையே வேலை வாங்கியவர், அன்றைக்கு மறுபடி "இந்தாய்யா"வுக்கு இறங்கியிருந்தார்.

"இந்தாய்யா, நாளைக்கு இதத்தான் போடணும். மாலைதான் கழட்டின, சட்டைய யாரு கழட்டச் சொன்னா? பிளேன் வர்ற வரைக்கும் கருப்புதான்னு மேடம் சொல்லியிருக்காங்க."

மேடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் கொடியில் வேட்டியைப் போடும்போது அந்த அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஊருக்குள் எங்கள் லாட்ஜுக்கு நடந்துகொண்டிருந்தேன். கடை இருக்கும் சந்து முனையில் வீட்டுக்காரருடைய மொபெட் நின்றது. அவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இறங்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர் போல நெளிந்தார்.

"நாளைக்கு பிளேன் வருங்களா சாமி?"

கட்டாயம் வரும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மேகம் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

"தெரியலீங்க. வந்தா, தட்டு உங்க கையிலதான்."

"வேற ஆளு யாரும் இல்லீங்களா?"

"மேடம் பிடிச்சா கோடு ஆடுதுங்க."

அவர் சிரித்தார். மொபெட்டை உதைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் ஹாரனோடு நடுவில் புகுந்தது. அது நகர்ந்தபோது அவரைக் காணவில்லை. வீட்டுப்பக்கம் போனாரா, சந்துக்குள் திரும்பினாரா, எனக்குத் தெரியாது. அறைக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்கு யார் அந்த மனிதர்? தட்டுப் பிடிக்கும் ஆள். ஆனாலும் முடியவில்லை.

காலையில் அவர் கறுப்பு வேட்டியில் வந்தார், வெறுங்காலோடு. கண்ணைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளிச்சத்தை நூற்றுக்கணக்கான இழையாகப் பிரிக்கத் தெரிந்த கூட்டத்தில் ஒருவன் நான், எனக்கு ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அந்த அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்து வரப்பில் நின்றார். கையில் கூடை இருந்தது, அது காலி.

கணவர் தட்டை எடுத்தார். நான் கருவியை நீட்டினேன். திரையில் கோடு வந்தது.

நேராக ஓடியது. படுத்தது, படுத்தபடியே கிடந்தது. மேடம் தன் குறிப்பை எழுதிவிட்டு, "குட்" என்றார். அவருக்கு அது வெறும் ஓர் அளவு. அந்த அம்மா காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்குத் திரும்பி நடந்தார், முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. அடுத்த இலையின் எண்ணைக் குறிக்க மறந்து மேடத்திடம் திட்டு வாங்கினேன், அது இனிமையான திட்டு.

அதற்குப் பிறகு தினமும் அந்த அம்மா வந்து எட்டிப் பார்ப்பார். "கோடு ஆடுச்சுங்களா?" என்பார். "இல்லீங்க" என்பேன். கணவர் தட்டுக்குப் பின்னாலிருந்து, "இவ ஒருத்தி, மேலதிகாரி மாதிரி" என்று முணுமுணுப்பார்.

மாதம் முடியும் தறுவாயில் ஒரு காலை மேகம் இறங்கிப் போய்விட்டது. ஃபோன் வந்தது: "கிளம்பியாச்சு." மேடம் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார். துணி விரித்தோம். வெயில் ஏறி வரும் நேரத்தில் தூரத்தில் சத்தம் கேட்டது. வெள்ளைப் புள்ளி ஒன்று மலைப்பக்கமிருந்து வந்து, ஏர் ஓட்டுகிற மாதிரி நேராகப் போய், திரும்பி, பக்கத்துச் சாலில் மறுபடி நேராக வந்தது. மஞ்சள்காட்டுப் பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் அதன்மேலேயே ஏறி நின்றார். மேடம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஊரே வானத்தைப் பார்த்தது.

அந்த அம்மா மட்டும் பார்க்கவில்லை. லேப்டாப்புக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வெயிலை மறைத்துக்கொண்டு, திரையில் ஓடும் ஒரே ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் போய்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் எழுந்தார். "பிளேன் போயிருச்சா? எப்பிடி இருந்துச்சு?" என்று கணவரிடம் கேட்டார். "நான் எங்க பாத்தேன், தட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

மூட்டை கட்டும் நாளில் கடைசியாக அந்த வீட்டில் கோழிக்குழம்பு கிடைத்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த அம்மா கேட்டார்.

"அந்தக் கோட்ட மட்டும் இங்க வெச்சிட்டுப் போவ முடியாதுங்களா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். கருவியைக் கொடுக்க முடியாது. ஒடிந்த ஸ்டாண்டின் தலையில் ஒரு சின்ன வட்டமான ரசமட்டம் இருந்தது. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, உள்ளே ஒரு குமிழி ஓடும், மட்டமாக இருந்தால் நடுவில் நிற்கும், அந்த வகை. மேடத்திடம் கேட்டேன். ஸ்டாண்டு என்றதும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒடிஞ்சதுதானே, குடுத்துடு" என்றார்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு வயல்களுக்குத் துணி விரிக்கிறேன். சில காலை நேரங்களில் அந்த அம்மாவிடமிருந்து ஃபோனில் ஒரு படம் வரும். செய்தி எதுவும் இருக்காது. விரித்த உள்ளங்கை, அதன்மேல் ரசமட்டம், நடுவில் குமிழி. சில சமயம் சில நாட்களுக்கு ஒன்றும் வராது. அப்போது நான் கேட்கமாட்டேன், ஆனால் ஃபோனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். பிறகு வரும், நடுவில் குமிழியோடு.

போன வாரம் ஒரு படம் வந்தது. குமிழி நடுவில் இல்லை. வட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வயலிலேயே கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே அந்த அம்மா எடுத்தார்.

"என்னாச்சுங்க?"

"என்னா சாமி?"

"படம் பார்த்தேன். குமிழி ஓரத்துல இருக்குது."

அவர் சிரித்தார், நான் அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதே இல்லை.

"அய்யோ, அது என் கைங்க! 'தெனமும் என் கையவே பாக்கறியே, ஒரு நாளைக்கு உன் கைய நீட்டு'ன்னு சொல்லி அவருதான் போட்டோ புடிச்சாரு." சிரிப்பு மெதுவாக நின்றது. "அவரு கை நின்னுருச்சுங்க சாமி. எனக்குத்தான் இன்னும் நிக்க மாட்டேங்குது."

பின்னாலிருந்து கணவரின் குரல் கேட்டது.

"பழகிரும்னு சொல்லுங்க சாமி. நான் புடிச்சுக்கறேன்."